காலையில் மட்டும் உறையும் கணினி: ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நடந்த பழுதாய்வு

2019 ஜனவரி முதல் வாரத்தில், கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகக் கணினி, மேட்டுப்பாளையத்தில் நான் நடத்திவரும் பழுதுநீக்கும் கடைக்கு மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தது. காலையில் போட்டால் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது, நான்கைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால்தான் மேலே வருகிறது, ஒருமுறை வந்துவிட்டால் மாலைவரை எந்தத் தொல்லையும் தருவதில்லை என்பதே மூன்று முறையும் சொல்லப்பட்ட குறை. முந்தைய இரண்டு முறையும் அது என் மேசையில் ஒரு தடவைகூட உறையவில்லை. இருபது முறை போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டு, தூசு தட்டி, 'பழுது தென்படவில்லை' என்று ரசீதில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தேன். இந்த ஆய்வை எழுதத் தூண்டியவை அந்த இரண்டு ரசீதுகள்தாம். அவற்றில் நான் எழுதியது பொய்யில்லை, ஆனால் தவறு.

அந்தக் கணினி 2010ஆம் ஆண்டின் இறுதியில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்பட்டது. டிடிஆர்3 வகையில் 2 ஜிபி ராம் இரண்டும், 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கும், விண்டோஸ் 7 இயங்குதளமும் கொண்டது. அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. முந்தைய நாள் மாலை வந்த இலை எடைச் சீட்டுகளைக் கணக்கில் ஏற்றுவதும், தூள் மூட்டைகளோடு புறப்படும் லாரிக்கு இ-வே பில் எடுப்பதுமே அதன் அன்றாடப் பணி. ஆயினும் 2018இல் இ-வே பில் முறை நடைமுறைக்கு வந்த பிறகு அந்தத் தாள் இல்லாமல் லாரியை அனுப்ப முடியாது என்பதால், கணினி அரை மணிநேரம் தாமதித்தால் லாரியும் வாசலில் அரை மணிநேரம் நின்றது.

என்னிடம் வருவதற்கு முன் வேறொருவர் இதைப் பார்த்திருந்தார். அவர் விண்டோஸை அழித்து இருமுறை புதிதாக ஏற்றியிருந்தார், மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியிருந்தார், ராம் இரண்டையும் மாற்றியிருந்தார், ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் மாற்றியிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாள் நன்றாக ஓடியதாகவும், பிறகு பழைய குறையே திரும்பியதாகவும் அலுவலகத்தில் சொன்னார்கள். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அவராவது எதையோ மாற்றிப் பார்த்தார். நான் தூசு மட்டும் தட்டினேன்.

எங்கே நிற்கிறது என்ற கேள்வி

தொடக்கத்தில் உறையும் கணினியைப் பார்க்க உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் படியில் அது நிற்கிறது என்பதே. பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்திக்கொண்டு, 100 முதல் 500 மில்லிநொடிக்குள் 'மின்சாரம் சரி' என்ற சமிக்ஞையை, எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் பலகையான மதர்போர்டுக்குத் தருகிறது. அதன் பிறகே செயலி கண் விழிக்கிறது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் தன் சோதனைகளை முடித்து ராமையும் திரையையும் விசைப்பலகையையும் சரிபார்த்த பின், ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைப் படித்துப் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் தன் கருவை ராமுக்குள் ஏற்றி, சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களை வரிசையாக எழுப்பி, கடைசியில் உள்நுழைவுத் திரையைக் காட்டுகிறது. மதர்போர்டு நிறுவனத்தின் முத்திரை தெரியும்போதே நின்றால் விண்டோஸுக்கு அதில் பங்கில்லை. விண்டோஸ் கொடி தோன்றிய பிறகு எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், ஒரு டிரைவரையோ சிதைந்த கோப்பையோ அந்த நேரத்தில் அழைக்கப்படும் ஒரு சாதனத்தையோ ஐயப்படலாம்.

இந்தக் கேள்வியைத் தொழிற்சாலையின் கணக்கரிடம் தொலைபேசியில் கேட்டேன். எட்டு ஆண்டுகளாக அந்தக் கணினியோடு மல்லுக்கட்டி வருபவர் அவர். சில நாள் முத்திரையிலேயே நிற்கும், சில நாள் கொடியில் நிற்கும், சில நாள் டெஸ்க்டாப் வந்து ஐகான்கள் பாதி தெரியும்போது நிற்கும் என்றார். இதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தெளிவான பதில் இல்லை என்று நினைத்தேன். உண்மையில் இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. மென்பொருள் தவறு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு முறையும் அதே கல்லில்தான் கால் தடுக்கும். படிக்குப் படி இடம் மாறுகிறதென்றால் பாதையில் கல் இல்லை, நடப்பவர் காலே தள்ளாடுகிறது என்று பொருள். எல்லாப் படிகளுக்கும் பொதுவாக இருப்பவை மின்சாரம், செயலி, ராம், இவை மூன்றையும் தாங்கும் மதர்போர்டு ஆகியவை மட்டுமே.

பேச்சை முடிக்கும் தறுவாயில் அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "வெயில் ஏறிட்டா அதுவே சரியாயிடும் அண்ணா, காலையிலதான் இந்தப் பாடு." அதே வாக்கியத்தை முந்தைய இரு முறையும் அவர் சொல்லியிருக்கக்கூடும், நான் அதை 'காலை' என்று மட்டுமே காதில் வாங்கியிருந்தேன். காலை என்றால் இரவெல்லாம் அணைந்திருந்த கணினி என்றும், காலை என்றால் தொழிற்சாலையின் மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நேரம் என்றும் பொருள் கொள்ளலாம். அவர் சொன்னதோ வெயில். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் கடை மலையடிவாரத்தில், ஜனவரியிலும் மின்விசிறி சுற்றும் ஊரில் இருக்கிறது. கணினி மலையிறங்கி வந்ததுமே குணமாகி, மலையேறியதுமே நோயுற்றதன் காரணத்தை அந்த இரு ஊர்களுக்கு நடுவில் உள்ள கொண்டை ஊசி வளைவுகளில்தான் தேட வேண்டியிருந்தது.

இரண்டு ஏடுகள்

ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு ஜனவரி 6 ஞாயிறு மாலை, கணினியோடு நானும் மலையேறினேன். தொழிற்சாலையின் விருந்தினர் அறையில் மூன்று இரவு தங்க ஏற்பாடாயிற்று. போனவுடன் செய்த முதல் வேலை, கணினி சூடேறி ஒழுங்காக ஓடும்போதே கணக்குகள் முழுவதையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்தது. பழுதுபார்க்கும் வேலையில் கணினியை விடக் கணக்கே மேல்.

அன்றிரவு எனக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. லாரி ஏன் தாமதம் என்று மேலாளர் அடிக்கடி கேட்டதால், கணக்கர் டிசம்பர் 1 முதல் தம் கொள்முதல் ஏட்டின் ஓரத்தில், கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டார் என்பதைக் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார். மறுபுறம், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர், இலை வாட்டும் தளத்தில் தொங்கும் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளின் அளவைத் தினமும் காலை 6 மணிக்குத் தம் பதிவேட்டில் எழுதிவந்தார். இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும் என்பதை முடிவுசெய்ய அவருக்கு அந்த எண்கள் தேவை. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தபோது, ஒருவர் லாரிக்காகவும் மற்றவர் இலைக்காகவும் எழுதியவை ஒரே செய்தியைச் சொல்லின.

டிசம்பரில் ஞாயிறுகளும் கிறிஸ்துமஸும் கணினி என் கடையில் இருந்த மூன்று நாளும் போக 22 காலைகள் எஞ்சின. அவற்றில் 13 காலைகளில் கோடுகள் இருந்தன. அந்த 13 நாளிலும், காற்றின் வெப்பத்தைக் காட்டும் உலர் குமிழ் 13 டிகிரியோ அதற்குக் கீழோ காட்டியிருந்தது. கோடில்லாத 9 காலைகளில் 8 நாள் 14 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் 12 டிகிரியிலும் கோடில்லை. அந்த விதிவிலக்கு என்னைச் சற்று நேரம் குழப்பியது. டீ மேக்கரே அதை அவிழ்த்தார். அன்று இலை வரத்து மிகுந்து இரவு முழுவதும் தூள் காயவைத்ததாகவும், விறகு எரியும் உலர்த்தியின் வெப்பக்காற்றுக் குழாய் அலுவலகச் சுவரை ஒட்டித்தான் போகிறது என்றும் சொன்னார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஞாயிறு விடுமுறையானதால் அது சில்லென்று இருந்தது. வாரத்தின் மிக மோசமான காலை எப்போதும் திங்களாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஞாயிறன்று உலர்த்தி எரிவதில்லை.

இதோடு இன்னோர் ஐயமும் தீர்ந்தது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி எந்திரங்களின் பெரிய மோட்டார்கள் காலையில் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிவதால்தான் கணினி நிற்கிறது என்பது மேலாளரின் உறுதியான நம்பிக்கை. அழுத்தம் சரிவது உண்மை. நான் அளந்தபோது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சில கணம் 190 வரை இறங்கியது. ஆனால் மோட்டார் எதுவும் ஓடாத திங்கள் விடியலில்தான் கோடுகள் அதிகம். போதாக்குறைக்குக் கணினி யுபிஎஸ்ஸின் பின்னால் இருந்தது.

மூன்று காலைகள்

திங்கள் காலை 6.10க்கு அலுவலக அறையில் 9 டிகிரி. அச்சு எந்திரம், எடைத் தராசிலிருந்து வரும் கேபிள், பென் டிரைவ் அனைத்தையும் கழற்றிவிட்டு, திரையும் விசைப்பலகையும் மட்டும் மிஞ்சியிருக்கக் கணினியைப் போட்டேன். முதல் முயற்சியில் மதர்போர்டின் முத்திரையோடு நின்றது. நம் லாக் விசையை அழுத்திப் பார்த்தேன், விளக்கு மாறவில்லை. உறைந்த கணினியை அணைப்பதற்கு முன் இதைச் செய்ய ஒரு நொடிதான் ஆகும், பலரும் செய்வதில்லை. விளக்கு மாறினால் செயலி உயிரோடு எதற்காகவோ காத்திருக்கிறது. மாறாவிட்டால் அடியோடு நின்றுவிட்டது. இரண்டாம் முயற்சியில் விண்டோஸ் கொடிவரை வந்து நின்றது, விளக்கு அப்போதும் மாறவில்லை.

மூன்றாம் முயற்சியில் எஃப்8 அழுத்திப் பாதுகாப்பு நிலையில் நுழைந்தேன். திரையில் ஏற்றப்படும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடி, 'கிளாஸ்பிஎன்பி' என்ற பெயரோடு நின்றன. விண்டோஸ் 7 பயன்படுத்தியவர்களிடையே இந்தப் பெயர் பேர்போனது. ஏராளமானோர் அந்தக் கோப்பையே குற்றவாளியாக்கி அதை மாற்றிப் பார்த்து நொந்திருக்கிறார்கள். திரையில் கடைசியாகத் தெரியும் பெயர், ஏற்றப்பட்டவற்றுள் கடைசி என்பதை மட்டுமே காட்டுகிறது. தடுக்கி விழுந்தது அதற்கு அடுத்து வந்தது. அதன் பெயர் திரையில் வராது. முன்பு பார்த்தவர் சாட்டா கேபிளை மாற்றியதற்கு இந்தத் திரைதான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான்காம் முயற்சியில் பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் நிரலை இயக்கினேன். அது இயங்குதளம் எதையும் நம்பாமல் தானே எழுந்து, ராமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்து ஒப்பிடும். முதல் நிமிடத்திலேயே சிவப்பு வரிகள் தோன்றத் தொடங்கின. பத்து நிமிடத்தில் பல நூறு பிழைகள். இருபது நிமிடத்துக்குப் பிறகு வரிகள் நின்று நின்று வந்தன. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு புதிய வரியே இல்லை. அணைக்காமல் சோதனையை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. கண்ணெதிரே ஒரு நோய் தானாகத் தணிந்ததைப் பார்த்தது அதுவே முதல் முறை. கணக்கர் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, "அதான் சொன்னேனே" என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

ராமில் பிழை வந்தால் ராம்தான் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. முன்பு பார்த்தவரும் அதனால்தான் அவற்றை மாற்றியிருப்பார். செவ்வாய் காலை நான் கொண்டுபோயிருந்த, வேறு கணினியில் நன்றாக ஓடிய ராம் ஒன்றை மட்டும் முதல் துளையில் போட்டேன்: பிழைகள். உடனே இரண்டாம் துளைக்கு மாற்றினேன்: பிழைகள். ஆறவிட்டுவிட்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பொருத்தினேன்: பிழைகள். அதற்குமுன் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டரால் அளந்ததில் 12 வோல்ட் கம்பியில் 12.08, 5 வோல்ட் கம்பியில் 5.03 என்று இருந்தது. ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படும்போது இவை நல்ல அளவுகளே. ஆயினும் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதன் மேல் துள்ளும் அலையைக் காட்டாது என்பதால் அந்த எண்களை மட்டும் நம்பி எஸ்எம்பிஎஸ்ஸை விடுவிக்க மனம் வரவில்லை. மாற்றிப் பார்த்த பிறகே விடுவித்தேன். எஞ்சியவை மதர்போர்டும் செயலியும்.

புதன் காலை சோதனைக்கு என் மனைவியின் ஹேர் டிரையர் பயன்பட்டது. தடித்த அட்டை ஒன்றில் உள்ளங்கையளவு துளையிட்டு, மதர்போர்டின் ஒரு பகுதிக்கு மட்டும் சூடு போகும்படி வைத்தேன். முதலில் போர்டின் கீழ்ப்பாதியை, சிப்செட் இருக்கும் இடத்தை, மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டு மெம்டெஸ்ட் ஓட்டினேன். பிழைகள் வந்தன. அணைத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே வராந்தாவில் நாற்பது நிமிடம் குளிரவிட்டேன். பிறகு ராம் துளைகளுக்கு அருகே உள்ள மூலையை மட்டும் அதே மூன்று நிமிடம் சூடாக்கினேன். முதல் சுற்று முழுவதும் ஒரு பிழையும் இல்லை. கணினியும் அடுத்த தொடக்கத்திலேயே விண்டோஸுக்குள் சென்றது. குளிரில் விரிசல் விடும் பற்றவைப்பும் இதே அறிகுறியைத் தரக்கூடும் என்பதால், அடுத்த முறை குளிர்ந்திருந்தபோது அந்த மூலையைப் பென்சில் முனையால் மெல்ல அழுத்தியும் தளர்த்தியும் பார்த்தேன். பிழைகளின் வரத்தில் எந்த மாறுதலும் இல்லை. அந்த மூலையில் மிச்சமிருந்தவை, ராமுக்கு 1.5 வோல்ட் வழங்கும் சிறு மின்சுற்றும் அதன் மூன்று கெப்பாசிட்டர்களுமே, அதாவது மின்தேக்கிகளுமே.

வீங்காத கெப்பாசிட்டர்

கெப்பாசிட்டர் கெட்டுப்போனால் தலை வீங்கும், தலையில் கீறியிருக்கும் கோடு பிளந்து பழுப்பு நீர் கசியும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2000களின் முற்பகுதியில் மோசமான திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளைக் கொன்ற காலத்தில் பழகியவர்கள், போர்டைக் கையில் எடுத்ததும் கண்ணால் முதலில் தேடுவது வீங்கிய தலையைத்தான். நானும் இரு முறை தேடினேன்; மூன்றும் தட்டையாக, பளபளப்பாக இருந்தன. செயலியைச் சுற்றி இருந்தவை திரவமே இல்லாத திட வகை. அவற்றைப் பார்த்ததும் போர்டு முழுவதும் தரமானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. செலவைக் குறைக்க, முக்கியமான இடத்தில் திட வகையும் மற்ற இடங்களில் பழைய திரவ வகையும் போடும் வழக்கம் அந்தக் காலத்து போர்டுகளில் பரவலாக உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

போர்டை மேட்டுப்பாளையம் கொண்டுவந்து, மூன்றையும் கழற்றிய பிறகே உண்மை தெரிந்தது. போர்டில் இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. இணையாகப் பல கெப்பாசிட்டர்கள் பிணைந்திருப்பதால் கெட்டதை நல்லது மறைத்துவிடும். மூன்றிலும் 6.3 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. அளவோ 700, 640, 410 என்று வந்தது. அவற்றின் உள்மின்தடை புதியதில் 0.03 ஓம் இருக்க, இவற்றில் 0.19, 0.21, 0.34 ஓம் இருந்தது. இது 29 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு. மிக மோசமானதைக் காற்றுப்புகாத பையில் போட்டு ஒரு மணிநேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து உடனே அளந்தபோது மீட்டர் 1.1 ஓம் காட்டியது. என் மேசையில் ஏன் உறையவில்லை என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். திரவ வகைக் கெப்பாசிட்டரில் இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே மின்பகுதிரவத்தில் ஊறிய காகிதம் சுருட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அடிப்புற ரப்பர் அடைப்பின் வழியே திரவம் ஆவியாகிக் குறைகிறது. எஞ்சிய திரவமும் குளிரில் பிசுபிசுத்து, அயனிகள் நகரச் சிரமப்படுகின்றன. ராமுக்கு மின்சாரம் தரும் சுற்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி இயங்குவது. அந்தத் துள்ளலைத் தன்னுள் வாங்கிச் சமப்படுத்த வேண்டிய கெப்பாசிட்டரின் உள்மின்தடை ஏறிவிட்டால், 1.5 வோல்ட் நேர்கோடாக இல்லாமல் நடுங்கும். ராமில் எழுதிய ஒன்று சுழியமாகப் படிக்கப்படும். அந்த ஒற்றை இலக்கம் பயாஸின் கட்டளையில் விழுந்தால் முத்திரையிலும், விண்டோஸ் கருவில் விழுந்தால் கொடியிலும், வேறெங்காவது விழுந்தால் டெஸ்க்டாப்பிலும் கணினி நிற்கிறது. தொடர்ந்து மின்சாரம் பாயும்போது கெப்பாசிட்டர் தன் மின்தடையாலேயே சூடாகிறது, சூட்டில் மின்தடை இறங்குகிறது. நான்கைந்து முறை போட்டு அணைத்தால் சரியாகிவிடுகிறது என்பதன் விளக்கம் இதுவே. கணக்கர் ஒவ்வொரு காலையும் தம்மை அறியாமலே அதற்குக் குளிர் காயவைத்துக்கொண்டிருந்தார்.

எட்டே ஆண்டில் இவை ஏன் இவ்வளவு வறண்டன என்ற கேள்விக்கான விடை, செயலியின் வெப்பத்தகட்டைக் கழற்றியதும் கையோடு வந்தது. விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே தேயிலை நாரும் தூசும் படிந்து, தேங்காய் நார் மிதியடிபோல ஒரு பழுப்புப் படலமாகவே இறுகியிருந்தது. விரலால் உரித்தால் துணிபோல முழுதாக வந்தது. காற்று போக வழியில்லாததால் அந்த மூலை பகலெல்லாம் சூட்டிலேயே இருந்திருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையில் நிலவும் கணக்கு. இதில் உலர்த்திக் குழாய் ஓடும் சுவருக்கும் பங்குண்டு. இரவில் எரிந்த நாட்களில் குறையை மறைத்த அதே சுவர், மற்ற நேரங்களில் அதை வளர்த்தும் வந்திருக்கிறது.

மாற்றமும் மிச்சமும்

பழையவற்றின் இடத்தில் அதே அளவுள்ள திட வகைக் கெப்பாசிட்டர்கள் மூன்றைப் பற்றவைத்தேன். அவற்றில் உலரத் திரவம் இல்லை; குளிரிலும் உள்மின்தடை பெரிதாக மாறாது. வேலை எளிதென்று சொல்ல மாட்டேன். மதர்போர்டில் கெப்பாசிட்டரின் எதிர்முனை அகலமான செப்புத் தளத்தோடு இணைந்திருப்பதால் அது சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஈயமில்லாத பழைய பற்று எளிதில் உருகாது. புதிய ஈயப் பற்றைச் சிறிது கலந்து உருகுநிலையைத் தாழ்த்திய பிறகே கால்கள் நெகிழ்ந்தன. போர்டில் நிழலிட்ட பாதி நேர்முனையா எதிர்முனையா என்பது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல என்பதால், கழற்றும் முன் எடுத்த படத்தைப் பார்த்தே திசை வைத்தேன்.

இதற்கிடையில் வேறு இரண்டு பழுதுகளும் இருந்தன. அவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரையும் திசைதிருப்பியவை அவைதாம். ஒன்று பயாஸின் பேட்டரி. 3 வோல்ட் தர வேண்டிய அந்த வில்லை 2.4 வோல்ட்டில் இருந்தது. இடிக்குப் பயந்து மாலையில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கமுள்ள அலுவலகத்தில், இரவு முழுவதும் பயாஸின் நினைவைத் தாங்குவது அந்தப் பேட்டரி மட்டுமே. அது தளர்ந்ததும் தேதி பின்னோக்கிப் போனதோடு, ஹார்டு டிஸ்க் இயங்கும் முறையும் மதர்போர்டு நிறுவனம் வைத்த தொடக்க அமைப்புக்குத் திரும்பிவிட்டது. ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ் 7, மற்றொரு முறையில் எழ மறுத்து 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை காட்டும். முதல் தடவை விண்டோஸ் அழிக்கப்பட்டதற்கு இதுவே காரணம் என்பது கணக்கர் தம் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்திலிருந்து தெரிந்தது. பயாஸில் ஒரு வரியை மாற்றியிருந்தால் அன்று போதுமாக இருந்திருக்கும்.

மற்றது ஹார்டு டிஸ்க். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் வரியில், படிக்க முடியாமல் காத்திருக்கும் பிரிவுகள் 8 என்று இருந்தது. 5ஆம் வரியில், மாற்றி ஒதுக்கப்பட்டவை சுழியம். தட்டு தேய்ந்த டிஸ்க்காக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்தியதால் அரைகுறையாக விடப்பட்ட பிரிவுகள் இவை என்று கொண்டேன். படியெடுத்த கணக்குகளை இன்னொரு முறை திறந்து சரிபார்த்த பிறகு டிஸ்க் முழுவதையும் மேலெழுதினேன். 197ஆம் வரி சுழியத்துக்கு இறங்கியது, 5ஆம் வரி அசையவில்லை. ராமின் பிழையால் உறைந்த கணினியை வலுக்கட்டாயமாக அணைத்ததால் கோப்புகள் சிதைந்தன. சிதைந்த கோப்புகளால் கணினி மேலும் உறைந்தது. புதிதாக விண்டோஸ் ஏற்றியதும் இரண்டாவது தொல்லை மட்டும் நீங்கியதால்தான் சில நாள் நன்றாக ஓடியது. விளைவைத் துடைத்ததும் காரணம் தீர்ந்ததாக எல்லோரும் நம்பினோம்.

கெப்பாசிட்டர் மூன்றும் பேட்டரியும் சேர்ந்து நூறு ரூபாயைத் தொடவில்லை. மூன்று நாள் தங்கியதற்கும் சேர்த்து நான் வாங்கிய கூலி, முன்பு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ராமுக்கும் ஆன செலவைவிடக் குறைவு. முதல் இரண்டு ரசீதுகளின் தொகையையும் அதில் கழித்துக்கொண்டேன். கணினியைச் சுவரிலிருந்து நகர்த்தி எதிர் மூலையில் வைக்கவும், மாதம் ஒருமுறை தூசு ஊதவும் சொல்லிவிட்டு வந்தேன். ஜனவரி 21 திங்கள் காலை, அறையில் 8 டிகிரி இருந்தபோது, கணக்கரே மெம்டெஸ்ட் இயக்கித் திரையைப் படமெடுத்து அனுப்பினார். பிழை என்ற இடத்தில் சுழியம் இருந்தது. பிப்ரவரி கடைசிவரை அவருடைய ஏட்டின் ஓரத்தில் கோடு எதுவும் விழவில்லை.

2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிவடைந்ததை ஒட்டி, தொழிற்சாலை புதிய கணினி ஒன்று வாங்கியது. பழையதைத் தூக்கிப்போட மனமில்லாமல், விவசாயிகள் இலை கொண்டுவந்து இறக்கும் எடைக் கொட்டகையில் வைத்தார்கள். அதற்கு ஒரு பக்கம் மட்டுமே சுவர், மற்ற மூன்று பக்கமும் தட்டி. பனி உள்ளே வந்து போகும். அந்தக் குளிர்காலத்தில் நான் போயிருந்தபோது எடை போடும் பையன் கம்பளித் தொப்பியோடு நடுங்கியபடி பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு திரையைப் பார்க்காமலே தராசின் பக்கம் போய்விட்டான்.